பட்டமும் பாரமும்

‘பட்டம்’ என்பது தமிழிற் பல பொருள் குறித்த ஒரு சொல். நெற்றியில் அணியும் பொற்றகட்டை அது குறிக்கும். அரசனுக்குச் சூட்டப்படும் ஆட்சியுரிமையைக் குறிக்கும். வேந்தன் தன் அதிகாரிக்கு அளிக்கும் சிறப்புப் பெயரைக் குறிக்கும். பல்கலைக்கழகம் மாணவனுக்கு வழங்கும் தகுதியையும் குறிக்கும். ஒருவனை ஏனையோரினின்றும் வேறுபடுத்தி உயர்த்திக் காட்டுதல் இவை யாவற்றிற்கும் பொதுவான பண்பாகும். அங்ஙனம் உயர்த்தப்பட்டவன் எதனால் உயர்ந்தவனாகிறான்? வழங்கியவனின் ஆணையாலா, பெற்றவனின் தகுதியாலா, அன்றிக் கீழிருந்து தாங்குவோரின் உழைப்பாலா? இவ்வினாவை ஆராய்வதற்குக் கண்டி இராச்சியத்தின் வரலாறு தக்கதொரு களமாக அமைகின்றது.

கண்டியில் மன்னனுக்கு அடுத்த நிலையில் இருந்தவர்கள் அதிகார் எனப்பட்ட பேரமைச்சர்கள். அவர்களுக்குக் கீழே மாகாணங்களை ஆண்ட திசாவைகளும், சிறு பிரிவுகளுக்குப் பொறுப்பான இரட்டேராலமாரும், எழுத்துப் பணி புரிந்த மொகொட்டாலமாரும், கோறளைமாரும், விதானைமாரும் படிப்படியாக நின்றனர். அதிகார் வீதியிற் செல்லுங்கால் அவருக்கு முன்னே சவுக்கொலி எழுப்புவோர் சென்றனர். இன்றும் எசல பெரகராவின் முன்னணியில் அவ்வொலியைக் கேட்கலாம். பதவியுடன் நிந்தகம் எனப்பட்ட நிலங்களும், அந்நிலங்களில் வாழ்ந்த குடிகளின் ஊழியமும் சேர்ந்து வந்தன. எனினும் இவை யாவும் மன்னனின் விருப்பத்திற்கு உட்பட்டவை. அளித்த கை பறிக்கவுங் கூடும்.

அளிப்பவனின் ஆணையே பட்டத்தின் உயிர் என்பார் கூற்றை 1815 ஆம் ஆண்டு சோதித்தது. 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்கர் வழியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன். கண்ணுச்சாமி எனும் இயற்பெயருடைய அவனை 1798 இல் அரியணையில் ஏற்றுவித்தவர் பிலிமத்தலாவ அதிகார். அரசனை ஆக்கிய அவ்வதிகாருக்குப் பின்னர் அவ்வரசனே மரண தண்டனை விதித்தான். 1815 மார்ச் 2 ஆம் நாள் பிரதானிகளும் பிரித்தானியரும் செய்துகொண்ட உடன்படிக்கை மன்னனின் முடியையும் பறித்தது. அவன் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832 இல் அங்கேயே இறந்தான். பட்டம் வழங்கியவனே பட்டமிழந்த பின்னர், அவன் வழங்கியவற்றிற்கு ஆதாரம் யாது? அவ்வுடன்படிக்கையின் நான்காம் வாசகம் அதற்கு விடை தேட முயன்றது. ஆட்சி பிரித்தானிய முடிக்கு உரியதாகும். அதிகார், திசாவை, மொகொட்டால, கோறளை, விதானை முதலியோரின் உரிமைகளும் சிறப்புகளும் காக்கப்படும் என அது கூறிற்று. அளிக்கும் கை மாறியது. பெறுங் கைகள் மாறவில்லை.

பெற்றவரின் தகுதியே பட்டத்திற்கு உயிர் என்பது இரண்டாவது கூற்று. இதனை இருவர் வாழ்வில் வைத்து நோக்கலாம். எகலப்பொல மன்னனை விட்டு நீங்கிப் பிரித்தானியரிடம் அடைக்கலம் புகுந்தவர். அதன் விளைவாக 1814 இல் அவருடைய மனைவியும் மக்களும் கண்டியிற் கொல்லப்பட்டனர். வெற்றியின் பின்னர் அவர் எதிர்பார்த்த உயர்வு கிட்டவில்லை. 1818 இல் அவர் தடுத்து வைக்கப்பட்டார். 1825 இல் மொரிசியசுக்கு அனுப்பப்பட்டு, 1829 இல் அங்கு மறைந்தார். துரோகி என்று அவரை ஒரே சொல்லால் ஒதுக்குதல் எளிது. ஆனால் அவருடைய இழப்பின் பெருமையை எண்ணுவோர் அவ்வாறு தீர்ப்பளிக்கத் தயங்குவர். உயர்வைப் பிறர் தரவேண்டிய பொருளாகக் கருதியவர், தருவோரின் கருணைக்கு இறுதிவரை கட்டுண்டார் என்பதே அவர் வாழ்வு உணர்த்தும் உண்மை.

கெப்பெட்டிப்பொல ஊவாவின் திசாவை. 1817 இல் மூண்ட கிளர்ச்சியை அடக்கப் பிரித்தானியர் அவரையே அனுப்பினர். அவர் கிளர்ச்சியாளருடன் இணைந்தார். இணையும்போது, தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட படைக்கலங்களைத் திருப்பி அனுப்பிவிட்டே இணைந்தார். 1818 நவம்பரில் கண்டியில் அவர் தலை கொய்யப்பட்டது. எடின்பரோவுக்குக் கொண்டு செல்லப்பட்ட அவரது மண்டையோடு 1954 இல் மீண்டு வந்து கண்டி நகரில் நினைவுச் சின்னத்தின் கீழ் வைக்கப்பட்டது. பதவியின் பயனை ஏற்றுக்கொண்டே அதன் கடமையை மீறுதல் நேர்மையன்று என்பதை அவர் உணர்ந்திருந்தார். துறக்கத் தெரிந்தவனிடத்திலேயே பட்டம் பெருமை அடைகின்றது.

ஆயினும் ஆராய்ச்சி இத்துடன் முற்றுப்பெறாது. கெப்பெட்டிப்பொலவின் பட்டத்தையும் இராசகாரியம் எனும் கட்டாய ஊழியஞ் செய்த குடிகளே தாங்கி நின்றனர். உடன்படிக்கை பிரதானிகளை நிலை நிலையாகப் பெயர் சுட்டிற்று. குடிகளோ ‘எல்லா வகுப்பு மக்களும்’ என்ற ஒரே தொடரில் அடங்கினர். 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. ஆனால் கண்டியைச் சூழ்ந்த மலைகளிற் கோப்பியும், 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டதிலிருந்து தேயிலையும் பரவியபோது, புதியதொரு படிவரிசை எழுந்தது. பெரிய துரை, சின்னத்துரை, கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி என்பன அதன் பட்டங்கள். தன் கீழ் வேலைக்கு வந்த ஆட்களின் எண்ணிக்கைப்படி கங்காணி தலைக்காசு பெற்றான். எண்ணப்பட்ட தலைகளுக்கோ பட்டம் எதுவும் இல்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலாரிடமிருந்து ‘குடிமகன்’ எனும் எளிய பெயரையும் பறித்தது. எஞ்சியிருந்தோர்க்கு அது முழுமையாகக் கிட்ட 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மனிதனுக்கு இன்றியமையாத பட்டம் ஒன்று உண்டெனின் அது இதுவே. எல்லார்க்கும் உரியதாய் இருப்பதாலேயே அதன் மதிப்புக் குறைவதில்லை.

அங்ஙனமாயின் பட்டங்கள் யாவற்றையும் ஒழித்துவிடலாமே எனச் சிலர் வினவுவர். 1950 இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 18 ஆம் உறுப்புரை, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் தவிர்ந்த பட்டங்களை அரசு வழங்குதலைத் தடுத்தது. ஆயினும் பெயரை நீக்குவதால் மட்டும் பெருமித உணர்வு நீங்கிவிடாது. மேலும், பொறுப்புள்ள இடத்தில் பொறுப்பின் பெயரும் வேண்டும்; கப்பலுக்கு மாலுமியும் மருத்துவமனைக்கு மருத்துவரும் இன்றியமையாதவர் அன்றோ? வள்ளுவர் குடியியலில் குடிமையை முதலில் வைத்து, மானம், பெருமை என வளர்த்து, சான்றாண்மைக்குச் செல்கிறார். குடிப்பிறப்பில் தொடங்குவது நற்பண்பில் நிறைவுற வேண்டும் என்பது அவ்வைப்புமுறை தரும் படிப்பினை எனலாம்.

மேற்கூறிய நான்கு பொருள்களுள் இறுதியாக நிற்பது கல்விப் பட்டம். நிந்தகமும் சவுக்கொலியும் அதற்கில்லை. ஆயினும் 1945 முதல் இந்நாட்டில் நிலைபெற்ற இலவசக் கல்வியின் பயனாய் அதனைப் பெறுவோனையும் பிறர் உழைப்பே தாங்குகின்றது. பேராதனையைச் சூழ்ந்த மலைச்சாரல்களிற் கொழுந்து பறிப்போரும் அவ்வுழைப்பிற் பங்குடையோரே. மன்னன் அளித்த பட்டத்தை மன்னனே மீளப்பெறக்கூடும். மக்கள் அளித்ததை அவ்வாறு எவரும் மீளக் கேட்பதில்லை. கேட்கப்படாத அக்கடனை அடைக்க முற்படுவோனே பட்டதாரி எனும் பெயருக்கு உரியவன்.