கூரை போடும் முன்பு

வீடு கட்டத் தொடங்கும் நம்மவர்கள் மார்க்கம் அறிந்தவர்களிடம் சில கேள்விகளைத் தவறாமல் கேட்டு வைக்கிறார்கள். வங்கிக் கடனில் வட்டி வருகிறதே, கூடுமா? கழிவறை கிப்லாவை நோக்கி அமையலாமா? பாகம் பிரிக்காத மனையில் அஸ்திவாரம் போடலாமா? கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் அந்த வீடு எந்தப் பொருளால் ஆகப்போகிறது, அப்பொருள் யாருடைய உடலில் போய்ச் சேரும் என்று கேட்பவரை நாம் காண்பது அரிது. அது கொத்தனார் பார்த்துக்கொள்ளும் சங்கதி என்று விட்டுவிடுகிறோம். சோற்றில் என்ன கலந்தது என்று இத்தனை நுணுக்கமாக விசாரிக்கும் சமுதாயம், மூச்சில் என்ன கலக்கிறது என்று விசாரிக்காதது வியப்பன்றோ?

மதரஸாவுக்குக் கொட்டகை போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முத்தவல்லி சொல்வார்: "வக்ஃபுப் பணம் அமானிதம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டால் செலவு குறையும். அரசாங்கம் அதைத் தடுக்கவில்லை. மார்க்கம் அதை ஹராம் என்று பெயர் சொல்லி விலக்கவில்லை. கூடுதல் விலை கொடுத்து வேறு கூரை போட எனக்கு என்ன உரிமை?" இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. நேர்மையான முத்தவல்லிதான் இப்படிப் பேசுவார். மற்றவருக்கு விலை கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

இதற்கு விடை தேடுமுன் துருக்கி நாட்டின் நடுப்பகுதிக்குச் சற்றுச் சென்று வருவோம். கப்படோக்கியா என்னும் அந்த நிலப்பரப்பு, எரிமலைச் சாம்பல் இறுகிக் கல்லான பூமி. கல் மிருதுவானது. குடைந்தும் அறுத்தும் தலைமுறை தலைமுறையாக மக்கள் அதில் வீடு கட்டி வாழ்ந்தார்கள். அங்கே கராயின், துஸ்கோய் என்று சிற்றூர்கள். நெஞ்சுக்கூட்டின் உட்சவ்வில் தோன்றும் மீசோதிலியோமா என்ற புற்றுநோய் உலகில் மிக அபூர்வமானது. அவ்வூர்களிலோ நேர்ந்த மரணங்களில் ஏறத்தாழப் பாதிக்கு அதுவே காரணமாக இருந்தது. அங்காராவைச் சேர்ந்த மருத்துவர் இஸ்ஸத்தின் பாரிஷ் 1970களில் இதை ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தார். ஊர்க் கல்லில் எரியோனைட் என்றொரு தாது, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிழைகளாகக் கலந்திருந்தது. சுவரிலிருந்து உதிர்ந்ததும் தெருப் புழுதியில் பறந்ததும் பிள்ளைப் பருவத்திலேயே மூச்சில் ஏறி, பல பத்தாண்டுகள் கழித்து நோயாக வெளிப்பட்டது. பிழைப்புக்காக ஸ்வீடன் நாட்டுக்குப் போனவர்களையும் அது விடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1987இல் எரியோனைட்டை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. பின்னர் அருகிலேயே புதிய குடியிருப்புகள் கட்டி மக்களை இடம் மாற்றினார்கள்.

இயற்கையானதெல்லாம் நல்லது என்று இன்று விளம்பரம் செய்வோர் இந்த ஊர்களைப் பற்றிப் படிப்பது நல்லது. அந்தக் கல் எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்பட்டதன்று. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அவ்வீடுகளைக் கட்டிய முன்னோர் மீது எவரும் குற்றம் சொல்ல மாட்டார்கள், அவர்கள் அறியாதவர்கள். அறிவு வந்த பிறகு ஒருவர் அதே கல்லை அறுத்து, ஒன்றும் சொல்லாமல் இன்னொருவருக்கு விற்றால்? கல் மாறவில்லை, விலை மாறவில்லை. ஆனாலும் அது மோசடி என்று சிறுபிள்ளையும் சொல்லும். செயலின் தன்மையை மாற்றியது அறிவு ஒன்றுதான்.

கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸைப் பற்றிய அறிவு நமக்கு எப்போதோ வந்துவிட்டது. வெள்ளைக் கல்நார் உள்பட அதன் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 60க்கும் மேற்பட்ட நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. துருக்கியே 2010இல் தடை செய்தது. நம் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளர் பற்றிய வழக்கில் 1995இல் வழங்கிய தீர்ப்பில், தொழிலாளியின் ஆரோக்கியம் அவனது உயிர் வாழும் உரிமையில் அடங்கியது என்று கூறியது. ஆயினும் வெளிநாட்டிலிருந்து கல்நாரை வரவழைத்து இங்கே ஷீட் செய்வது நிற்கவில்லை. ஆக, அரசாங்கம் தடுக்கவில்லை என்று முத்தவல்லி சொல்வது உண்மைதான். சட்டம் தண்டிக்காததெல்லாம் நமக்கு ஆகுமானது என்று நாம் வேறு எந்தக் காரியத்திலும் சொல்வதில்லையே!

"கூரையில் ஏறிவிட்ட ஷீட் யாரை என்ன செய்யும்?" என்றும் கேட்பார்கள். இதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. சிமெண்டோடு பிணைந்து, உடையாமல் கிடக்கும்வரை இழை அதிகம் வெளிவருவதில்லை. ஆனால் ஷீட் தானாகக் கூரையில் ஏறவில்லை. ரம்பம் வைத்து அறுத்தவர் ஒருவர். ஆணிக்குத் துளை போட்டவர் ஒருவர். கீழே கொட்டிய தூசியைப் பெருக்கி அள்ளிய சித்தாள் பெண் ஒருத்தி. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டால் நிற்கிற இழை அல்ல அது. அந்தத் துணியை வீட்டில் உதறும்போது பிள்ளைகளும் சுவாசிக்கிறார்கள். அவளுக்குக் கிடைத்தது ஒரு நாள் கூலி. நோய் வருவதென்றால் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து வரும். அப்போது அது யார் வீட்டுக் கூரை என்பது அவளுக்கே நினைவிராது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருப்போம்.

அண்டை வீட்டாரின் ஹக்கு பற்றி நம் ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. உதுமானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பிலும், தன் சொந்த மனையிலேயே ஒருவர் பட்டறை வைத்து அதன் அதிர்ச்சி பக்கத்து வீட்டைத் தளர்த்தினாலோ, அடுப்பு வைத்து அதன் புகை குடியிருக்க விடாமல் செய்தாலோ அது நீக்கப்பட வேண்டிய தீங்காகவே கருதப்படுகிறது. மனை அவருடையது என்பது அங்கே வாதமாகவில்லை. புகை சுவரைத் தாண்டியதும் அண்டை வீட்டார் ஆனவர், தூசி நெஞ்சைத் தாண்டியதும் அண்டை வீட்டார் ஆகமாட்டாரா? சித்தாளும் அண்டை வீட்டாரே என்பது நம் கருத்து.

ஊர் எல்லையோடும் இது நிற்பதில்லை. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டிக் கட்டடக் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். அங்குள்ள 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் போயின. பவளம் வெட்டியது அதற்கு ஒரு முக்கிய காரணம். பாறை போனால் மீன் போகும். மீன் போனால் மீனவர் பிழைப்பு போகும். 2001இல் வனவிலங்குச் சட்டம் பவளத்துக்கு முழுப் பாதுகாப்புத் தந்தது.

இவ்வளவையும் ஓலைக் குடிசையில் இருப்பவரிடம் போய்ச் சொல்ல நமக்கு வாய் வராது. மழைக்கு ஒழுகாமல், தீக்கு அஞ்சாமல் தூங்க அவருக்கு எட்டியது அந்த ஷீட் ஒன்றுதான். ஓலை குளிர்ச்சி, ஓலை இயற்கை என்று அவரிடம் பேசுவதும் கொடுமை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்ததை யாரும் மறக்கவில்லை. வேறு வழியில்லாதவர் மீது சுமை ஏற்றும் மார்க்கமன்று நம்முடையது. அவருக்குக் கூரை மாற்றித் தர வசதியுள்ளவர்கள் முன்வரலாம். அதுவும் நல்ல ஸதகாவே.

முத்தவல்லியோ வேறு வழியில்லாதவர் அல்லர். மங்களூர் ஓடு இருக்கிறது. கல்நார் கலவாத சிமெண்ட் ஷீட்டும் இருக்கிறது. கடையில் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவே. தகரம் வெப்பம் தரும் என்றால் அடியில் ஒரு தடுப்புத் தட்டி அமைக்கலாம். வக்ஃபு செய்தவர் பிள்ளைகள் ஓத வேண்டுமென்று கொடுத்தாரே தவிர, பணம் மிச்சமாக வேண்டுமென்று கொடுக்கவில்லை. அமானிதம் பணத்தில் மட்டுமா இருக்கிறது? அங்கே உட்காரும் பிள்ளைகளின் நெஞ்சும் அமானிதம்தான். கூடுதலாகச் செலவான தொகையைக் கணக்கில் எழுதி, எதற்காக என்ற காரணத்தையும் பக்கத்தில் எழுதி வைக்கட்டும். ஜமாஅத்தார் கேட்டால் காட்டலாம்.

ஏற்கெனவே ஆஸ்பெஸ்டாஸ் போட்டிருக்கும் இடங்களில் பதறிப்போய் அடித்து உடைத்துவிட வேண்டாம். விரிசல் இல்லாத ஷீட்டை அப்படியே விட்டுவைப்பது மேல். கழற்ற நேர்ந்தால், முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக நனைத்து, முழுசாக இறக்க வேண்டும். உடைந்த துண்டுகளைப் பள்ளத்தை நிரப்பவும் பிள்ளைகள் விளையாடும் திடலை மேடாக்கவும் கொட்டுகிறார்கள். அதை இன்றே நிறுத்த வேண்டும்.