சுவருக்குப் பட்ட கடன்

மரபையும் நவீனத்தையும் இணைத்தவர் என்று ஓர் ஓவியரைப் பாராட்டுவது சடங்காகிவிட்டது. இணைப்பு என்பதே ஒரு மதிப்பாகிவிடுமா என்று யாரும் கேட்பதில்லை. புத்தரின் பாதி மூடிய கண்களையும் பிக்காஸோவின் உடைந்த முகத்தையும் ஒரே கான்வாஸில் வைப்பது கை பழகிய எவருக்கும் சாத்தியம். மரபிலிருந்து எடுத்துக்கொள்கிறவன் அதற்கு எதைத் திருப்பித் தருகிறான் என்பதுதான் பிரச்னை.

இலங்கை ஓவியர் ஜார்ஜ் கீட் (1901–1993) இதை நேராகச் சந்தித்தவர். கண்டியில் பிறந்த பறங்கியர். ஆங்கிலக் கல்வி பெற்றவர். இளம் வயதிலேயே பௌத்தத்தின் பக்கம் வந்தவர். கியூபிஸத்தை உள்வாங்கித் தன் உருவங்களில் பயன்படுத்தினார். 1943இல் கொழும்பில் தொடங்கிய '43 குழு'வின் ஸ்தாபகர்களில் ஒருவர். அதற்கு முன்பே, 1939–40இல், கொழும்பு பொரளையிலுள்ள கோதமி விஹாரையின் சுவர்களில் புத்தரின் வாழ்க்கையை வரைந்தார்.

கான்வாஸில் முகத்தின் பக்கவாட்டையும் நேர்த்தோற்றத்தையும் ஒன்றாக்கிப் பார்த்த கை, சுவரில் அடங்கி நடக்கிறது. கோடு அறுபடாமல் ஓடி உருவங்களைச் சூழ்கிறது. அஜந்தாவும் சிகிரியாவும் அதில் உண்டு, பிரதி கிடையாது. களனி விஹாரையில் ஸோலியஸ் மென்டிஸ் பழைய மரபின் பக்கம் நின்று வரைந்தார். அதுவும் உயர்ந்த கலையே. கீட்டுக்கு அந்த நிம்மதி இல்லை. இருபதாம் நூற்றாண்டின் ஓவியத்தைப் பார்த்துவிட்ட கண்ணோடு அவர் புத்தர் முன் நிற்க வேண்டியிருந்தது.

அப்படியானால் இந்த அடக்கம் சமரசமா? பதில் சொல்ல எனக்குக் குற்றாலத்துச் சித்திர சபைதான் துணை. நடராஜரின் ஐந்து சபைகளில் இங்கே அவர் சுவரில் எழுதிய சித்திரம். தீபாராதனை சித்திரத்துக்கே. கும்பிட வந்தவருக்கும் ஆடுகிறவருக்கும் நடுவே ஓவியனின் சாமர்த்தியம் வந்து நின்றால் அவன் தோற்றான். ஆனால் அவன் கை சோம்பியிருந்தாலும் அங்கே ஆட்டம் இல்லை, சுண்ணாம்பும் வர்ணமும்தான் இருக்கும். இரண்டு பக்கமும் அவனுக்குக் கடன்.

பார்ப்பவனுக்குப் பிடித்ததைக் கொடுப்பது சமரசம். அவன் எந்தக் காரியமாக வந்தானோ அதை மதிப்பது கடன். பிடித்ததைக் கொடுக்க நினைத்திருந்தால் கீட் காலண்டர் புத்தரை வரைந்திருப்பார். கியூபிஸம் பற்றி ஒன்றும் அறியாமல் பூத்தட்டோடு வருகிற ஒரு கிழவியையும் தன் நவீனக் கண்ணையும் ஒரே சுவரின் முன் நிறுத்தினார். இருவரில் யாரையும் ஏமாற்றவில்லை. அந்தச் சுவர் அவருடைய சில கான்வாஸ்களைவிடக் குறைந்த தைரியம் உடையது என்று சொல்பவர்கள், தைரியத்தைச் சிதைப்பதில் மட்டும் தேடுகிறவர்கள்.

இது ஓவியர்களின் விவகாரம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. சித்தர் பாடலிலிருந்து ஒரு படிமத்தை எடுத்துப் புதுக்கவிதையில் வைக்கிறோம். அதே பாடலைத் தன் துக்கத்துக்காகப் பாடுகிற பண்டாரம் நம் வாசகன் அல்ல. நம் பத்திரிகைக்குப் பூத்தட்டோடு எவரும் வருவதில்லை. அதனால் எதையும் எடுக்கலாம், எப்படியும் வளைக்கலாம் என்றாகிவிடுகிறது. இதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அந்தப் பண்டாரம் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் நாம் எழுதியதில் எத்தனை வரிகளைக் கூச்சமில்லாமல் படிக்க முடியும்?