குத்தியவன் யார்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூர்நோக்கு இல்லத்தின் பணியாளர்களுக்கு நடந்த இரண்டு நாள் பயிற்சியில் உட்கார்ந்திருந்தேன். பயிற்சிக் கையேட்டைத் தமிழில் கொண்டுவந்தது நான் என்பதால் கூப்பிட்டிருந்தார்கள். பதினெட்டுப் பேர் இருப்பார்கள். இரவுக் காவலுக்கு வருகிறவர்கள், சமையல்காரர், தையல் வாத்தியார், ஓர் ஆற்றுப்படுத்துநர். பாதிப் பேர் நைட் ட்யூட்டி முடித்து வீட்டுக்குப் போகாமல் நேராக வந்தவர்கள். கண்கள் சிவந்திருந்தன.

'ட்ராமா' என்பதற்கு என்ன சொல் போடுவது என்று ஒரு வாரம் அல்லாடியிருந்தேன். அதிர்ச்சி என்றால் ஷாக் அடித்த மாதிரி ஒரு கணத்தில் முடிந்துவிடுகிறது. கடைசியில் 'உளக்காயம்' என்று போட்டேன். வகுப்பில் ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை. ஐம்பதைத் தாண்டிய ஒரு காப்பாளர் எழுந்து, "அடிபட்ட பசங்கன்னு சொல்லுங்க சார், புரிஞ்சுடும்" என்றார். அதற்குப் பிறகு எல்லோரும் அப்படியே சொன்னோம்.

இந்தப் பயிற்சிகளின் பின்னால் இருக்கும் ஆய்வுகளில் முக்கியமானது 1998இல் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகியோர் வெளியிடத் தொடங்கியது. அமெரிக்காவின் சான் டியேகோவில், பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் அவர்களுடைய சிறுவயது பற்றிக் கேட்டார்கள். அடி, பாலியல் வன்முறை, குடிக்கிற பெற்றோர், சிறைக்குப் போன பெற்றோர். இவற்றின் எண்ணிக்கை கூடக்கூட, வளர்ந்தபின் நோயும் போதையும் தற்கொலை முயற்சியும் படிப்படியாகக் கூடின. இதை ஆதாரமாகக் கொள்ளும் அணுகுமுறை சிறார் இல்லங்களுக்கும் வந்தது. 'உனக்கு என்ன கோளாறு?' என்று கேட்காதே, 'உனக்கு என்ன நடந்தது?' என்று கேள் என்பது அதன் மையம்.

நடைமுறையில் இது மிக எளிய காரியங்களாக இறங்குகிறது. நள்ளிரவில் ஆள் எண்ணும்போது போர்வையை உருவாதே. பின்னாலிருந்து தோளைத் தொடாதே. கதவை அறையாதே. ராத்திரியில் போதையில் வந்து எழுப்பி அடிக்கிற ஒருவரோடு வளர்ந்த பையனுக்கு, போர்வை நகர்ந்ததுமே உடம்பு முந்திக்கொள்கிறது. கண் திறக்கும் முன் கை ஓங்கிவிடும். அதைத் திமிர் என்று எழுதி வைத்திருப்பார்கள். அந்தக் காப்பாளர் இதைக் கேட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். இருபது வருஷமாகப் போர்வையை உருவித்தான் எண்ணியிருக்கிறார்.

இரண்டாம் நாள் மதியம் அவரே கேட்டார்: "அப்போ அவன் செஞ்சதுக்கு அவன் பொறுப்பில்லையா சார்?"

காரணம் வேறு, சாக்கு வேறு என்றார் பயிற்சியாளர். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் விடவில்லை. "எங்கப்பா என்னைய பெல்ட்டால வெளுத்திருக்காரு. நான் யாரையும் குத்தலையே." பயிற்சியாளர் நிகழ்தகவு பற்றிப் பேசினார். பதினேழாயிரம் பேரைப் பற்றிய உண்மை ஓர் ஆளைப் பற்றி எதையும் தீர்த்துச் சொல்லாது என்பது சரியான பதில்தான். ஆனால் அவர் கேட்டது கணக்கு இல்லை. குத்தாமல் இருந்தது தன்னுடைய செயலா, வெறும் அதிர்ஷ்டமா என்று கேட்டார். அதிர்ஷ்டம் என்றால் அவரிடமிருந்தும் ஏதோ ஒன்றை எடுத்துவிடுகிறோம்.

பி.எஃப். ஸ்ட்ராஸன் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1962இல் இதைத் தொட்டு ஒரு கட்டுரை எழுதினார். நாம் ஒருவரிடம் கோபப்படுகிறோம், நன்றி பாராட்டுகிறோம், மன்னிக்கிறோம். இதெல்லாம் எதிரில் இருப்பவரை நம்மைப் போன்ற ஆளாக எடுத்துக்கொள்வதால் நடப்பது. இன்னொரு பார்வையும் உண்டு. அதில் எதிரில் இருப்பவர் கையாளப்பட வேண்டியவர், சிகிச்சைக்குரியவர். அவரிடம் கோபம் வராது, சண்டையும் போடமாட்டோம். அங்கே வன்மம் குறையும், உறவும் குறையும். படித்தபோது புத்திசாலித்தனமான வாதம் என்று நினைத்துக் கடந்துவிட்டேன்.

பயிற்சிக்குப் பின் சனிக்கிழமைகளில் அந்த இல்லத்துக்குப் புத்தகம் வாசிக்கப் போய்வந்தேன். அங்கே பதினேழு வயதுப் பையன் ஒருவன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். ஏரியாச் சண்டையில் இன்னொரு பையன் செத்துப்போயிருந்தான். இவன் வீட்டுக் கதை அந்தப் பத்து வகைகளில் ஏழையாவது தொடும். ஒருநாள் தனியாகப் பேசும்போது, பயிற்சியில் கற்ற கருணையோடு அவனிடம் சொன்னேன். உனக்கு நடந்ததெல்லாம் சேர்ந்துதான் உன்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது, எல்லாமே உன் தப்பு இல்லை என்று.

அவனுக்கு முகம் மாறிவிட்டது. "எங்கப்பன் குடிச்சான், அடிச்சான். அதுக்கென்ன சார்? குத்துனது நான். போர்டுக்குப் போன அன்னிக்கு வராந்தாவுல அவங்கம்மா என்னையத்தான் பாத்துச்சு. எங்கப்பனைப் பாக்கல."

எனக்குப் பதில் வரவில்லை. நான் கொடுக்கப் பார்த்தது ஆறுதல். அவன் அதில் பார்த்தது ஒரு திருட்டு. இறந்தவனின் அம்மாவுக்கும் அவனுக்கும் நடுவில் இருந்த ஒரே நேர்மையான தொடர்பை நான் வந்து அறுக்கப் பார்த்தேன்.

ஆனால் 'நீதான்டா செஞ்ச' என்பதைச் சொல்லித்தான் இத்தகைய இடங்களில் அடிக்கிறார்கள் என்பதையும் மறக்க முடியாது. 2022ஆம் ஆண்டின் கடைசி நாளில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் பதினேழு வயதுச் சிறுவன் இறந்தான், பணியாளர்கள் கைதானார்கள். பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. இந்திய மாகாணங்களில் முதலில் குழந்தைகள் சட்டம் போட்டது சென்னை மாகாணம், 1920இல். இன்றைய 2015ஆம் ஆண்டுச் சட்டமும் இல்லங்களில் அடிப்பதைத் தண்டனைக்குரிய குற்றம் என்கிறது. பையன் தன் வாயால் சொல்லும்போது பொறுப்பாக இருக்கும் வாக்கியம், தடி வைத்திருப்பவர் வாயில் அனுமதியாகிவிடுகிறது. அதனால் அந்தப் பயிற்சி வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். போர்வையை உருவாமல் இருப்பதற்கு அவன் குற்றமற்றவனாக இருக்க வேண்டியதில்லை.

அவன் சொன்னதை ஆற்றுப்படுத்துநரிடம் சொன்னேன். நெகிழ்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இதை எங்கயும் எழுதிடாதீங்க சார்."

பிறகுதான் விளக்கினார். பதினாறிலிருந்து பதினெட்டு வயதுக்குள் கொடுங்குற்றம் சாட்டப்பட்டவனை, பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று இளைஞர் நீதிக் குழுமம் முதலில் மதிப்பிடும். சட்டத்தின் 15ஆம் பிரிவு. குற்றத்தைச் செய்யும் மன வலு, உடல் வலு அவனுக்கு இருந்ததா, விளைவைப் புரிந்துகொள்ளும் திறன் இருந்ததா, எந்தச் சூழலில் நடந்தது என்று பார்ப்பார்கள். இவனுக்கு அது இன்னும் முடியவில்லை. சிதைந்துபோனவனாக, ஒன்றும் புரியாதவனாகத் தெரிந்தால் அவன் சிறார் நீதிக்குள்ளேயே இருக்கலாம். 'நான்தான் செஞ்சேன், அந்தம்மா என்னையத்தான் பாத்துச்சு' என்று முழு மனிதனாகப் பேசினால் அது அவனுக்கு எதிராகப் போகலாம்.

நான் எழுதவில்லை. அது சரியா என்று இன்றுவரை குழப்பம்தான். அவன் சொன்னதிலேயே உயர்ந்த விஷயத்தை மறைத்து, அவனைப் பாவப்பட்டவனாகக் காட்டும் கோப்புக்கு நானும் உடந்தையானேன். மறைக்காமல் இருந்திருந்தால் இன்னும் மோசமானவனாக இருந்திருப்பேன் என்றும் தோன்றுகிறது.

'ஆற்றுப்படுத்துநர்' என்ற அரசாங்கச் சொல்லை முன்பு கிண்டல் செய்திருக்கிறேன். ஆற்றுப்படை என்பது பரிசில் பெற்று வந்தவன் எதிரே வருகிறவனுக்கு வழி சொல்வது. வழி சொல்கிறவன் அந்த வழியில் நடந்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அங்கே அந்தப் பெயருக்குப் பொருத்தமானவர் பெல்ட்டடி வாங்கிய காப்பாளர்தான். அவர் இப்போது வாசலிலேயே நின்று, டார்ச்சைத் தரையில் அடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணுகிறார். நேரம் கூடுதலாக ஆகிறது என்று மேலே இருப்பவர்களுக்கு வருத்தம்.

கடைசியாகப் போனபோது கேட்டருகே என்னை நிறுத்தினார். "அந்தப் பையன் ராத்திரி கேட்டான் சார், அந்தம்மாவுக்கு லெட்டர் எழுதலாமான்னு."

"என்ன சொன்னீங்க?"

"எழுது, ஆனா இப்போ யார்ட்டயும் குடுக்காதன்னேன். எழுதல. ரெண்டு பேப்பர் மட்டும் வாங்கி தலையணைக்குக் கீழ வெச்சிருக்கான். சோதனை போடறப்ப நான் அந்தத் தலையணையைத் தூக்கறதில்ல."