கற்படுக்கைக்கு முன்னால் ஒரு குடும்பம்

வீட்டைத் துறந்தவர்கள் தவம் செய்வதற்காகத் தேர்ந்துகொண்ட மலைக்குக் கட்டுச்சோற்றோடும் குழந்தைகளோடும் ஒரு குடும்பம் ஏறிச் செல்வது முறையா என்னும் கேள்வி, புதுக்கோட்டைக்கு அருகே உள்ள சித்தன்னவாசலைப் பொறுத்தவரை நாகரிகம் பற்றிய கேள்வியன்று. இல்லறத்துக்கும் துறவறத்துக்கும் இடையே சமணம் வகுத்த உறவு எத்தகையது என்பதே அங்கு கேட்கப்படுகிறது.

மலையின் ஒரு பக்கம் ஏறி, மறுபக்கச் சரிவின் ஓரமாகக் கம்பித் தடுப்பைப் பிடித்தபடி நடந்தால் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை வருகிறது. கால் வைத்து ஏறுவதற்காகப் பாறையில் வெட்டப்பட்ட ஏழு குழிகளால் அமைந்த பெயர் அது. உள்ளே வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட 17 கற்படுக்கைகள் உள்ளன. தலைமாட்டில் கல்லையே சற்று மேடாக விட்டுத் தலையணை ஆக்கியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றன் ஓரத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்ட தமிழ்ப் பிராமி எழுத்துகள், அந்தப் படுக்கையைப் பெற்றவர் பெயரையும் செய்து கொடுத்தவர் பெயரையும் சேர்த்தே சொல்லுகின்றன.

இந்த இரண்டாவது பெயரைக் கடந்து போய்விடுவது எளிது. ஆனால் கொல்லாமையையும் பொருள் வைத்துக்கொள்ளாமையையும் முழுமையாக ஏற்ற துறவி, உளி பிடித்துப் பாறையைச் செதுக்கவோ கூலி கொடுத்துச் செதுக்குவிக்கவோ இயலாதவர் என்பதால், அவருடைய படுக்கையை வேறொருவர்தான் அமைத்துத் தர வேண்டியிருந்தது. மதுரைக்கு அருகே அழகர்மலைக் குகைக் கல்வெட்டுகளில் உப்பு வணிகன், அறுவை வணிகன் எனப்பட்ட துணி வணிகன், ஏர்க்கொழு விற்றவன், பொற்கொல்லன் ஆகியோர் கொடையாளிகளாக வருகிறார்கள். சந்தையிலும் பட்டறையிலும் உழைத்துச் சேர்த்த காசே துறவியின் படுக்கையானது என்றால், இல்லறத்தார் அந்தக் குகைக்கு அயலார் அல்லர். படுக்கையையும் துறவியர் உறைவிடத்தையும் குறித்த ‘பள்ளி’ என்னும் சொல்லே பின்னாளில் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் பெயராகி நிற்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

சமணக் கோட்பாடும் இதற்கு இடம் தருகிறது. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிரமசரியம், பற்றின்மை என்னும் ஐந்தையும் துறவி முழு அளவில் மேற்கொள்ளும்போது அவை மாவிரதம் எனப்படும். சாவகர் எனப்படும் இல்லறத்தார் தம் நிலைக்கு ஏற்ற அளவில் மேற்கொள்ளும்போது அணுவிரதம் எனப்படும். பற்றின்மை என்பது இல்லறத்தாருக்குப் பொருளே வேண்டாம் என்பதாகாது. இவ்வளவு போதும் என்று வரையறுத்துக்கொள்வதாகும். விரதம் ஒன்றே, அளவுதான் வேறு.

அந்த வரையறையை மலையேற்றமே கற்றுத் தருகிறது. வெறும் பாறையில் நிழல் அரிது. முற்பகல் கடந்தால் கல் சுடத் தொடங்கிவிடும் என்பதால் காலையிலேயே ஏறிவிடுவதும், போதிய தண்ணீரும் எளிய உணவும் தவிர மற்றச் சுமையைக் கீழேயே விட்டுச் செல்வதும், வழுக்காத செருப்பு அணிவதும், குறுகிய இடங்களில் குழந்தையைப் பாறைப் பக்கமாக நடத்திப் பெரியவர் சரிவுப் பக்கம் வருவதும் நல்லது. படம் எடுப்பதற்காகப் படுக்கையில் படுக்கும் வழக்கம் வருந்தத்தக்கது; உண்ணாநோன்பிருந்து உயிர்விடும் சல்லேகனைக்கும் இத்தகைய இடங்கள் பயன்பட்டிருக்கலாம் என்று கருதப்படுவதை நினைத்தாலே அந்த ஆசை அடங்கிவிடும். மாலை மங்குவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்பது பாதுகாப்புக்கான யோசனை. இரவில் உண்ணாமையை நோன்பாகக் கொண்ட சாவகர்களுக்கோ அது அன்றாட ஒழுங்கு.

அதே மலையில் அறிவர் கோயில் எனப்படும் குடைவரையும் உள்ளது. அறிவர் என்பது அருகரைக் குறிக்கும். 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அதைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. அதன் விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது: மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள், நடுவே மலர் கொய்யும் ஆடவர் மூவர். தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சமவசரணம் என்னும் பேரவைக்குச் செல்லும் வழியில் உள்ள குளமாகவும், மலர் கொய்வோரை வீடுபேற்றுக்குத் தகுதி பெற்ற பவ்வியர்களாகவும் அறிஞர்கள் இதற்குப் பொருள் கூறுவர். அவையை இன்னும் அடையாமல், வழியில், இடுப்பளவு நீரில் பூவோடு நிற்பவர்களைத் துறவியரின் கோயிலில் தீட்டியது மிகவும் பொருத்தமானது. குழந்தைகள் முதலில் மீன்களைத்தான் கண்டுபிடிப்பார்கள்; அவர்களை அவசரப்படுத்தாமல் இருப்பதே நன்று. சுதையும் வண்ணமும் ஏற்கெனவே நிறைய உதிர்ந்துவிட்டதால், சுவரையும் தூணையும் தொடாமலும் ஒளி பாய்ச்சாமலும் பார்ப்பது கட்டாயம்.

சமணத் துறவி நடக்கும்போது நான்கு முழத் தூரம் வரை தரையைப் பார்த்தே அடி வைக்க வேண்டும். இது இரியா சமிதி, அதாவது நடையில் விழிப்பு எனப்படும். உட்காரும் இடத்தை மயிற்பீலியால் மெல்லப் பெருக்கிய பிறகே அவர் உட்காருவார். பாறையிலிருந்து குழந்தையோடு இறங்கும் பெற்றோர் வேறு வழியின்றி அதே தூரத்தைப் பார்த்து, அதே நிதானத்தில் நடக்கிறார்கள்; பாறை வெடிப்பில் எறும்புச் சாரையைக் கண்டு குழந்தை காலை உயர்த்தியபடி நிற்கும்போது, பின்னால் வருகிறவர்களும் நின்று, அது தாண்டும்வரை காத்திருக்கிறார்கள்.