ஆராய்ச்சி மணியும் ஹாரனும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நண்பனிடமிருந்து போன். "டேய், வீட்டுக்கு வா. ஒரு பஞ்சாயத்து" என்றான். சொத்துத் தகராறோ, பெண்ணின் படிப்போ என்று பதறிக்கொண்டு வேளச்சேரிக்குப் போனேன். போனால், கார்.

அவன், அவன் மனைவி, எட்டாவது படிக்கும் பெண், மூன்றாவது படிக்கும் பையன், 76 வயது அம்மா. பத்து வருடம் உழைத்த சின்னக் காரைக் கொடுத்துவிட்டு, இருபது லட்ச ரூபாய்க்குள் புதிது வாங்க வேண்டும். அவனுக்கு ஜீப் ஜாதி வண்டிதான் வேண்டும். ஃபோர் வீல் டிரைவ், பெரிய டயர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் முகம். மனைவிக்கு கிராஸ்ஓவர்.

"நீங்களே சொல்லுங்கண்ணா. அந்த வண்டியில அத்தையால ஏறவே முடியல. ஷோரூம்ல ரெண்டு பேர் கை கொடுத்துத் தூக்கி விட்டாங்க."

அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "எனக்கென்ன தம்பி, கோயிலுக்கு ஆட்டோல போயிக்கிறேன். அவன் ஆசைப்பட்டதை வாங்கட்டும்."

குடும்பத்துக்காக வாங்கப்போகும் வண்டியிலிருந்து, குடும்பத்தில் ஒருவர் வாங்குவதற்கு முன்பே இறங்கிவிட்டார். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

முதலில் வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் ஒரு பத்தி தாண்டிவிடலாம். ஜீப் ஜாதி வண்டிகளுக்கு அடியில் ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம் இருக்கும். அதன்மேல் உடம்பைத் தனியாகச் செய்து பொருத்துவார்கள். லாரி அப்படித்தான். பொலேரோ, தார், ஸ்கார்ப்பியோ, ஃபார்ச்சூனர் எல்லாம் அப்படித்தான். கல்லும் குழியும் முறுக்கினாலும் தாங்கும். கிராஸ்ஓவரில் சட்டமும் உடம்பும் ஒன்றே. மோனோகாக் என்பார்கள். பார்க்க ஜீப் மாதிரி இருக்கும், பிறந்தது கார் வம்சத்தில். 2012ல் டஸ்டர், 2013ல் ஈக்கோஸ்போர்ட், 2015ல் க்ரெட்டா என்று இந்த வகை நம் ஊருக்குள் வந்து பரவியது. எடை குறைவு, குலுக்கல் குறைவு, டீசல் செலவும் பெரும்பாலும் குறைவு.

நண்பன் தன் கட்சியை அடுக்கினான். முதல் வாதம் வெள்ளம். "2015 டிசம்பரை மறந்துட்டியா? 2023 மிக்ஜாம்ல எங்க தெருவைப் பார்த்தேல்ல?"

வேளச்சேரிக்காரரின் பயத்தைப் பார்த்து நான் சிரிக்கமாட்டேன். அந்தப் பயம் இரண்டு முறை கழுத்து வரை நனைந்த பயம். தார் வண்டி இரண்டடிக்குச் சற்று மேல் தண்ணீர் வரை தாங்கும் என்று கம்பெனியே சொல்கிறது, அதுவும் நிஜம். ஆனால், 2015ல் அந்தப் பகுதிகளில் ஆட்களை மீட்டது ஜீப் அல்ல, படகு. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மக்கள் என்ன செய்தார்கள்? மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வெள்ளத்தில் எதை ஓட்டலாம் என்பதல்ல, ஓட்டாமல் மேட்டில் விட்டுவிட்டு வருவதுதான் புத்தி என்று ஊரே கற்றுக்கொண்டிருந்தது.

இரண்டாவது வாதம் மலை. "கொல்லிமலை போகணும், வால்பாறை போகணும்னா?"

"கடைசியா எப்ப போன?"

"போகணும்னுதான்..."

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் அரசுப் பேருந்து தினமும் ஏறி இறங்குகிறது. உள்ளே கோழிக்கூடை, பலாப்பழம், பள்ளிக்கூடப் பையன்கள். எஸ்டேட்டில் வேலை, மண் பாதையில் வீடு, பின்னால் டிரெய்லர் கட்டி இழுக்கிற விவசாயம் என்றால் ஏணிச் சட்டம் கட்டாயம் வேண்டும். அது அவர்களுடைய கருவி. நண்பனின் 365 நாட்களை ஒரு காகிதத்தில் எழுதச் சொன்னேன். ஆபீஸ், ஸ்கூல், டியூஷன், மளிகை, டாக்டர், காஞ்சிபுரத்தில் கல்யாணம், வருடத்துக்கு ஒரு திருப்பதி. இதில் ஃபோர் வீல் டிரைவ் கேட்கும் நாள் எது? தேடிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினான்.

நாம் எல்லோருமே இப்படித்தான். இருக்கிற வாழ்க்கைக்கு வாங்குவதில்லை. இருந்திருக்கலாமே என்று நினைக்கிற வாழ்க்கைக்கு வாங்குகிறோம். பரணில் கூடாரம் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். ஒரு நாள்கூட அதில் படுத்ததில்லை. இது பாவமில்லை. ஆசைக்கு ஒரு வண்டி வாங்குவது உங்கள் பணம், உங்கள் உரிமை. ஆனால், ஆசைக்கு வாங்குகிறேன் என்று சொல்லி வாங்க வேண்டும். குடும்பத்துக்காக என்று பெயர் சூட்டிவிட்டு, அம்மாவை ஆட்டோவில் அனுப்புவதில்தான் இடிக்கிறது.

மூன்றாவது வாதத்தைக் கடைசிக்கு வைத்திருந்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னான். "சேஃப்டிடா. ஹைவேஸ்ல எவன் எப்படி வர்றான்னு தெரியல. இது கனமான வண்டி. இடிச்சா எதிர்ல இருக்கறவனுக்குத்தான் சேதம்."

இந்தக் கடைசி வாக்கியத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சொல்லியும் இருக்கலாம். நான் சொல்லியிருக்கிறேன்.

இதில் பாதி தப்பு, பாதி நிஜம். ஏணிச் சட்டம் இருந்தால்தான் உயிர் பிழைக்கும் என்பது தப்பு. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் மோனோகாக் வண்டியான எக்ஸ்யூவி 700 2021ல் பெரியவர்களின் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம் வாங்கியது. ஏணிச் சட்டம் போட்ட ஸ்கார்ப்பியோ என் 2022ல் அதே 5 வாங்கியது. காப்பாற்றுவது சட்டத்தின் ஜாதி அல்ல. கூண்டின் வடிவமைப்பு, ஏர்பேக், எல்லாவற்றுக்கும் மேலாக நீங்கள் போட்டுக்கொள்ளும் பெல்ட்.

நிஜமான பாதி, கனம். கனமான வண்டியும் லேசான வண்டியும் மோதினால் லேசானதில் இருப்பவருக்குத்தான் அடி அதிகம். இது இயற்பியல். இங்கேதான் கார் விஷயம் முடிந்து அற விஷயம் ஆரம்பிக்கிறது. என் குடும்பத்தின் பாதுகாப்பை இன்னொரு குடும்பத்தின் ஆபத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாமா?

டூரிங் டாக்கீஸில் படம் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தரை டிக்கெட். முன்னால் இருப்பவர் தலை மறைக்கிறதென்று ஒருத்தர் மணலைக் குவித்து அதன்மேல் உட்காருவார். உடனே அவருக்குப் பின்னால் இருப்பவர் இன்னும் கொஞ்சம் குவிப்பார். இடைவேளைக்குள் கொட்டகை முழுக்க மணல் மேடு. யாருக்கும் முன்பைவிட நன்றாகத் தெரியாது. குழந்தைகளுக்கு மட்டும் ஒன்றுமே தெரியாது. ஜெர்மன் தத்துவ ஞானி இம்மானுவேல் கான்ட், ஒரு காரியம் செய்யுமுன் எல்லோரும் இதையே செய்தால் சரியாக இருக்குமா என்று கேட்டுக்கொள் என்றார். அவர் டூரிங் டாக்கீஸ் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் மணலை உதாரணம் காட்டியிருப்பார்.

இந்தக் கொட்டகையில் மணல் குவிக்கவே முடியாதவர்கள் யார் என்று பாருங்கள். மத்திய அரசின் கணக்குப்படி 2022ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இரு சக்கர வண்டியில் போனவர்களும் நடந்து போனவர்களும் மட்டும் சேர்ந்து பத்துக்கு ஆறு பேருக்கு மேல். "எதிர்ல இருக்கறவன்" என்று நண்பன் சொன்ன ஆள் பெரும்பாலும் இன்னொரு காரில் இல்லை. ஹெல்மெட்டோடோ அது இல்லாமலோ, கையில் ஒரு பையோடு போய்க்கொண்டிருக்கிறார். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று 2023ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. பானட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் பாதசாரி மேல் மோதினால், 30 அங்குலத்துக்குள் சரிந்த முகமுள்ள வண்டிகளைவிட உயிர் போகும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். காரணம் எளிது. தாழ்ந்த முகம் காலில் மோதும். உயர்ந்த முகம் நெஞ்சிலும் தலையிலும் மோதும். குழந்தையென்றால் சொல்லவே வேண்டாம்.

உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

2004ல் நானும் ஒரு ஜீப் ஜாதி வண்டி வைத்திருந்தேன். போதாதென்று முன்னால் பளபளவென்று கம்பித் தடுப்பு மாட்டியிருந்தேன். (2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் இந்தக் கம்பிகள் சட்டத்துக்குப் புறம்பானவை, நடவடிக்கை எடுங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியது. அதுவரை அவை நம் அந்தஸ்து.) கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்துத் தெரு. சாயங்கால நேரம். எதிரே சைக்கிளில் ஒரு பெரியவர், ஹாண்டில்பாரில் பால் கேன். தெருவில் இரண்டு பேருக்கும் தாராளமாக இடம் இருந்தது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை, ஹாரனை மட்டும் அழுத்தினேன். மிரண்டு போய் ஓரத்தில் சாய்ந்து விழுந்தார். வண்டி அவர்மேல் படக்கூட இல்லை. இறங்கிப் போனேன். முழங்கை சிராய்த்திருந்தது, பால் மண்ணில் ஓடியது. அவர் எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துச் சொன்னார்: "மன்னிச்சுக்கங்க ஐயா. பெரிய வண்டி வர்றது தெரியாம வந்துட்டேன்."

பாலுக்குப் பணம் கொடுத்தேன். வாங்கத் தயங்கி, கும்பிட்டுவிட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். தப்பு செய்தவன் மேலே நிற்க, விழுந்தவர் மன்னிப்புக் கேட்டார். அவரை அப்படிக் கேட்க வைத்தது நானா, அந்த வண்டியின் உயரமா? இரண்டும் சேர்ந்துதான். உயரத்தில் உட்கார்ந்தபோது, தெரு எனக்குச் சொந்தம் என்று எனக்குத் தெரியாமலேயே ஒரு எண்ணம் வந்திருந்தது.

வாகனமும் நீதியும் சந்திக்கும் கதை ஒன்று நம்மிடம் காலம்காலமாக இருக்கிறது. மனுநீதிச் சோழன் கதை. ஐந்தாம் வகுப்பில் படித்துவிட்டு, மகனைத் தேர்க்காலில் இட்டதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம். திருவாரூர்க் கோயில் பக்கம் போனால் அதைக் கல்லிலேயே பார்க்கலாம். என்னை இப்போது உறுத்துவது அந்தத் தண்டனை அல்ல. அத்தனை கடுமை இன்று யாருக்கும் வேண்டாம். உறுத்துவது அதற்கு முன்னால் உள்ள இரண்டு விஷயங்கள். இளவரசன் கெட்டவன் இல்லை. தேரின் உயரத்தில் இருந்தவனுக்குச் சக்கரத்தருகே துள்ளி வந்த கன்று தெரியவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது, அந்த ஊரில் தேருக்கு வெளியே இருப்பவர்களுக்கென்று ஒரு மணி கட்டியிருந்தது. ஒரு பசு அதை அடிக்க முடிந்தது. அடித்தபோது உள்ளே ஒருவன் எழுந்து வந்தான்.

நம் தெருவில் ஆராய்ச்சி மணி கிடையாது. ஹாரன்தான் இருக்கிறது. மணி வெளியே இருப்பவன் கையில் இருந்தது. ஹாரன் உள்ளே இருப்பவன் கையில் இருக்கிறது.

இதனால் கிராஸ்ஓவர் வாங்கியவர்கள் எல்லாம் புத்தர்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அதிலும் முகம் வருடத்துக்கு வருடம் உயர்ந்துகொண்டுதான் போகிறது. சின்னக் காரில் பறந்து வந்து ஆளைத் தூக்குகிறவர்களும் உண்டு. ஜீப்பைப் பூப்போல ஓட்டுகிறவர்களும் உண்டு. எந்த வண்டியாக இருந்தாலும், வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: குடும்பம் என்று நான் சொல்லும்போது அந்தக் கணக்கு கார்க் கதவோடு முடிந்துவிடுகிறதா?

பஞ்சாயத்துக்கு வருகிறேன். அன்று சாயங்காலமே இன்னொரு டெஸ்ட் டிரைவ் ஏற்பாடு செய்தோம். ஷோரூம் வாசலில் அவன் ஆசைப்பட்ட வண்டியில் ஏறி உட்கார்ந்தான். மூன்றாம் வகுப்புப் பையனை பானட்டுக்கு முன்னால் இரண்டடி தள்ளி நிற்க வைத்தேன். "அப்பா, நான் தெரியறேனா?" என்று கத்தினான் பையன். நண்பன் எக்கிப் பார்த்தான், சீட்டை உயர்த்திப் பார்த்தான். கடைசியில் பையன் கையைத் தூக்கி ஆட்டினான். விரல் மட்டும் தெரிந்தது. நண்பன் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு கிராஸ்ஓவரிலும் அதே சோதனை. அதிலும் முழுசாகத் தெரியவில்லை. தலையும் நெற்றியும் தெரிந்தன.

போன மாதம் வண்டி வந்தது. கிராஸ்ஓவர்தான். அம்மா முன் சீட்டில் யார் கையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்து, மாங்காடு போய்விட்டு வந்தாராம். நண்பன் போனில் சொன்னான்.

"ஆனா ஒண்ணுடா. ஜீப் ஆசை போகல. ரோட்டுல பார்த்தா கழுத்து தானா திரும்புது."

"ரிடையர் ஆனதும் ஒண்ணு வாங்கிக்கோ. யார் கேட்டாலும் எனக்கு ஆசை, அதனால வாங்கினேன்னு சொல்லு. வீட்டுக்காகன்னு மட்டும் சொல்லாதே."

சிரித்தான். பிறகு, "தெருவுல திரும்பறதுக்கு முன்னால இப்பல்லாம் பையன் கையைத் தூக்கினது ஞாபகம் வருதுடா, பிரேக்ல கால் போயிடுது" என்றான்.

வண்டியை விடுங்கள். அந்தக் கால் போகிறதே, அது போதும்.