வாங்குபவரின் பங்கு

ஒரு மூட்டை அரிசியை விளைவித்தபோது நடந்த அநியாயத்தில் அதைக் காசு கொடுத்து வாங்குபவருக்குப் பங்கு உண்டா? நம் மரபில் இதற்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. தனக்காகக் கொல்லப்பட்டதைக் காணாமலும் கேள்விப்படாமலும் ஐயப்படாமலும் இருந்தால், பாத்திரத்தில் விழுந்த ஊனைப் பிக்கு ஏற்கலாம் என்கிறது பௌத்த விநயம். புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் இந்தச் சலுகையைத் தரவில்லை. தின்பவர் இல்லாத இடத்தில் விற்பவரும் இருக்க மாட்டார் என்பது அவர் வாதம். பிச்சை ஏற்கும் துறவி எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, அவருக்கு முதல் விடை பொருந்தலாம். பார்த்துப் பொறுக்கி வாங்கும் இல்லறத்தாருக்கு வள்ளுவர் சொல்வதே சரி. ஊனைப் பற்றிய அந்த வாதம் அரிசிக்கும் காய்கறிக்கும் அப்படியே செல்லும்.

தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி.குமரப்பா இதைப் பொருளாதாரச் சிந்தனையாகவே வளர்த்தெடுத்தார். ஒரு பொருள் உண்டான விதத்துக்கு வாங்குபவரும் பொறுப்பு. கடல் கடந்து நடப்பதை விசாரிக்க இயலாதவர், விசாரிக்க முடிகிற வட்டத்துக்குள் வாங்க வேண்டும். அவர் சுதேசிக்கு இட்ட அடித்தளம் இது. இதிலிருந்து கசப்பான ஒரு முடிவும் வருகிறது. அருகில் விளைந்ததாலேயே எதற்கும் புனிதம் வந்துவிடாது. கூலி உயர்வு கேட்ட போராட்டத்தை ஒட்டி, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த வயல்களின் நெல்லும் தஞ்சைச் சீமைக்கு உள்ளூர் நெல்தான். அறுத்தவருக்கு என்ன கூலி, பயிருக்கு என்ன மருந்து என்று கேட்காமல் 'உள்ளூர் விளைச்சல்' என்ற சீட்டை மட்டும் நம்புகிறவர், அருகாமை தந்த வாய்ப்பை வீணாக்குகிறார்.

விசாரித்து வாங்குவதெல்லாம் வசதி உள்ளவர்களுக்குத்தானே என்பார்கள். நியாயமான மறுப்பு. ரேஷன் அரிசியை நம்பி வாழும் குடும்பத்தின் மேல் இந்தப் பழியைச் சுமத்துவது கொடுமை. தேர்ந்தெடுக்க முடிகிற அளவுக்குத்தான் பொறுப்பும். ஆனாலும் நல்லதெல்லாம் விலை கூடியது என்பது உண்மையில்லை. 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில் அடையாள அட்டை பெற்ற விவசாயி தரகர் இல்லாமல் விற்கிறார். மொத்த விலையைவிட அவருக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது, வாங்குபவருக்குக் கடை விலையைவிடக் குறைவாகக் கிடைக்கிறது.

நான் ஒருவர் மாறி என்ன ஆகும் என்பது இன்னொரு மறுப்பு. அடிமைகள் விளைவித்த மேற்கிந்தியச் சர்க்கரையை 1791இல் இங்கிலாந்தில் ஏராளமான குடும்பங்கள் கைவிட்டன. அடிமை வணிகத்துக்குத் தடை வந்தது 1807இல்தான், அதையும் சட்டம்தான் கொண்டுவந்தது. அந்தக் குடும்பங்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. தங்கள் பங்கைத் தாங்களே விலக்கிக்கொண்டன. பலன் நம் கையில் இல்லாதபோதும் பங்கு நம் கையில்தான் இருக்கிறது. ஆகவே, கையில் கொஞ்சம் காசும் நேரமும் உள்ளவர்கள் வாரம் ஒரு முறையாவது உழவர் சந்தைக்குப் போங்கள். விலையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாமல், எந்த ஊர், யார் பறித்தது, அவருக்கு என்ன கூலி என்றும் கேளுங்கள்.