வெளியூர்க்காரனுக்கு ஒரு பைன்ட்

இங்கிலாந்தின் கிராமத்து பப் ஒன்றுக்குப் போய்வந்த இரண்டு பேரிடம் விசாரித்தால், இருவரும் ஒரே இடத்துக்குத்தான் போனார்களா என்று சந்தேகம் வரும். ஒருவருக்கு விறகு எரியும் கணப்பின் பக்கத்திலேயே இடம் கிடைத்திருக்கும். யாருடையதோ ஒரு நாய் காலடியில் வந்து படுத்திருக்கும். பக்கத்து மேசைக் கிழவர் ஊர்க்கதையை எல்லாம் சொல்லி முடித்திருப்பார். மற்றவர் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுபோயிருக்கும். பீர் போதுமான அளவு குளிர்ந்திருக்காது. சாப்பாடு கேட்டால், இரண்டரை மணிக்கே சமையலறையை மூடியாயிற்று என்று பதில் வந்திருக்கும். இரண்டு பேர் சொல்வதும் பொய்யில்லை. ஒரே பப்பில், ஒரே வாரத்தில் இரண்டும் நடக்கும்.

குறைகளில் பாதி, எங்கும் எழுதிவைக்காத விதிகளால் வருபவை. மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள். கவுன்ட்டருக்குப் போய்க் கேட்டு, காசைக் கொடுத்து, கிளாஸை நாமேதான் ஏந்திக்கொண்டு வர வேண்டும். கவுன்ட்டரில் வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யாருக்குப் பின் யார் என்பது நிற்பவர்களுக்கும் தெரியும், ஊற்றுபவருக்கும் தெரியும். முண்டியடித்துக் கையை ஆட்டுகிறவருக்குக் கடைசியில்தான் கிடைக்கும். கைப்பம்பில் இழுத்து ஊற்றும் ஏல் பீரை நிலவறையில் 11 முதல் 13 டிகிரியில் வைத்திருப்பார்கள். அதற்கு மேல் குளிர்ந்தால் ருசி செத்துவிடும் என்பது அவர்கள் கட்சி. இந்த பீரைக் காப்பாற்ற 1971-ல் ஓர் இயக்கமே தொடங்கினார்கள், அது இன்றும் இருக்கிறது. டிப்ஸ் வைக்கத் தேவையில்லை. உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஊற்றுபவரிடம் சொன்னால் அதுவே மரியாதை. இதையெல்லாம் வெளிநாட்டுப் பயணிகளுக்கு விளக்க, கேட் ஃபாக்ஸ் என்ற மானுடவியலாளர் 1996-ல் ஒரு கையேடே எழுதினார். ஒரு கிளாஸ் பீர் வாங்க மானுடவியல் வேண்டியிருக்கிறது!

விதிகளைக் கற்றுக்கொண்டுவிடலாம். நம்மை யாரும் வரவேற்கவில்லை என்ற மீதிக் குறைக்குத்தான் கையேடு கிடையாது.

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் பெரியப்பாவை யார்க்‌ஷர் டேல்ஸ் பக்கம் ஒரு பப்புக்கு அழைத்துப் போயிருந்தேன். குடிக்காதவர். ஆரஞ்சு ஜூஸை முன்னால் வைத்துக்கொண்டு கல் சுவரையும், தலையில் இடிக்கிற உத்தரங்களையும், கவுன்ட்டர் ஓரத்து ஸ்டூல்களில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர்களையும் நிதானமாகப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா வந்த ஆள வாங்கன்னு கேக்க ஒருத்தனுக்கும் வாயில்லையேடே."

"இவங்க வழக்கம் அப்படி, பெரியப்பா. நாமளாப் போய்ப் பேசினா நல்லாப் பேசுவாங்க."

"வீட்டுக்காரன் சும்மா இருப்பான், வந்தவன் போய்ப் பேசணுமோ?"

நியாயமான கேள்வி. ஆனால் அங்கே வீட்டுக்காரன் யார்? நடத்துபவர் பல சமயம் ஒரு மதுபான நிறுவனத்தின் குத்தகைதாரராக இருப்பார். சில வருடங்களில் வேறொருவர் வந்துவிடுவார். அந்த ஸ்டூலில் உட்காருகிறவர் மாறுவதில்லை. காசு கொடுக்கிற வாடிக்கையாளர்தான் என்றாலும் அவர் உட்கார்ந்திருக்கும் தோரணை வீட்டுக்காரருடையது. அதே சமயம், அவர் உங்களை வாங்க என்று கேட்கக் கடமைப்பட்டவரும் அல்ல.

எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் தனக்குப் பிடித்த பப்பை வர்ணித்தார். 'தி மூன் அண்டர் வாட்டர்' என்று பெயர். தினமும் அதே நாற்காலியில் வந்து உட்காரும் ஆட்கள் நிறைந்திருப்பதை அதன் பெருமைகளில் ஒன்றாகச் சொன்னார். பிறகு, அப்படி ஒரு பப்பே கிடையாது என்று போட்டு உடைத்தார். அவர் மனதில் இருந்தது நகரத்து பப்தான். ஆனாலும் கிராமத்துக்குக் காரில் வருகிற எல்லோரும் தேடுவது அதைத்தான். நாற்காலிகள் எல்லாம் பழகியவர்களுடையதாக இருக்க வேண்டும், அதில் ஒன்று இன்று மட்டும் நமக்குக் காலியாகவும் இருக்க வேண்டும். ஆர்வெல் சூட்டிய பெயரை ஒரு பெரிய பப் நிறுவனம் பிற்காலத்தில் தன் கிளைகள் சிலவற்றுக்கு வைத்துக்கொண்டது. அப்படிப்பட்ட கடைகளில் நுழைந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நமக்கும் உறுத்தலில்லை. யாரும் உறுத்தாத இடத்தைப் பார்ப்பதற்காக ஒருவரும் ஐம்பது மைல் கார் ஓட்டிப் போவதுமில்லை.

அந்த உறுத்தலை இப்படி ரசித்துக்கொண்டே போய்விடவும் முடியாது. ஸ்மெத்விக் நகரில் 1960-களில் பல பப்புகளில் வெள்ளையரல்லாதவர்களைச் சில அறைகளுக்குள் விடமாட்டார்கள். 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அங்கே வந்து, இந்தியத் தொழிலாளர் சங்கத்தினருடன் ஒரு பப்புக்குப் போனபோது ஓர் அறையில் அவர்களுக்கு ஊற்ற மறுத்தார்கள். அதே வருடம் வந்த இன உறவுகள் சட்டம் அப்படி மறுப்பதைத் தடைசெய்தது. சட்டம் பீரை ஊற்றவைக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்வதைத் தடுக்காது. ஆகவே கதவைத் திறந்ததும் என் மேல் விழுகிற அந்த இரண்டு நொடிப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று என் வெள்ளைக்கார நண்பர்களைவிட எனக்கு ஒரு கேள்வி கூடுதல். பல சமயம் அது வெறும் 'யார் இது?' சில சமயம் அப்படியில்லை. கிளாஸ் காலியாகும்வரை எது என்று பிடிபடாத நாட்களும் உண்டு. அந்த நாட்களில் பீர் ருசிப்பதில்லை.

அந்நியர்கள் நெருங்கிப்போகிற பப்பும் உண்டு. யார்க்‌ஷர் மலைமேல், 528 மீட்டர் உயரத்தில் டான் ஹில் இன் என்றொரு பப் இருக்கிறது. பிரிட்டனிலேயே உயரமானது. 2021 நவம்பரில் ஆர்வென் புயல் அடித்த இரவு, கச்சேரி கேட்க வந்த அறுபது பேர் அளவில் பனியில் சிக்கி, இசைக்குழுவோடு சேர்ந்து மூன்று இரவு அங்கேயே கிடந்தார்கள். தரையில் படுக்கை, நடுவில் வினாடி வினா, பாட்டு. வழி திறந்தபோது பலருக்குப் போகவே மனமில்லை. அந்த மூன்று இரவுகளில் அவர்களுக்குக் கிடைத்ததை நாம் ஒரு பைன்ட் விலையில், 568 மில்லிலிட்டர் தீர்வதற்குள் கேட்கிறோம்.

கதவைத் திறந்ததும் விழுகிற அந்தப் பார்வைக்கு இன்னொரு அர்த்தமும் உண்டென்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. ஞாயிறு மதியம் வெளியூர்க் குடும்பங்கள் ரோஸ்ட் சாப்பிட வரும். கணப்புப் பக்கத்து மேசைகளில் முன்பதிவு அட்டை ஏறிவிடும். உள்ளூர்க்காரர் தன் இடத்தைவிட்டு எழுந்து, கிளாஸும் கையுமாகக் கதவோரம் போய் நிற்பார். அவர் மாலை முழுவதும் குடிப்பது இரண்டு பைன்ட். அதை வைத்து மின்கட்டணம்கூடக் கட்ட முடியாது. அந்த ரோஸ்ட் விற்றால்தான் செவ்வாய்க்கிழமை அவருக்காக விளக்கு எரியும். கம்பிரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட்டில் ஊர்க்காரர்களே பங்கு போட்டு 2003-ல் பப்பை வாங்கினார்கள். எல்லா ஊருக்கும் அது கைகூடுவதில்லை. ஆக, கதவோரம் நிற்கிறவருக்கு நம்மைப் பிடிக்கவும் இல்லை, நாம் வராமல் முடியவும் இல்லை. அந்த முகத்தை நான் வேறு என்னென்னவாகவோ படித்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமைகளில் போகிறேன். அன்றைக்குச் சமையலறை கிடையாது. பொட்டலத்தில் வறுத்த கடலை மட்டும். "சோறும் இல்ல, ஒரு உபசாரமும் இல்ல. பெறகு எதுக்குடே அங்க போற?" என்று பெரியப்பா போனில் கேட்டார். வாங்க என்று இன்னும் யாரும் சொல்லவில்லைதான். ஆனால் வினாடி வினாவுக்கு ஓர் அணியில் ஆள் குறைந்தபோது ஸ்டூல்காரர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். இந்தியாக்காரன், கிரிக்கெட் கேள்விகளைப் பார்த்துக்கொள்வான் என்று அவர்களே முடிவுசெய்திருந்தார்கள். எனக்கு கிரிக்கெட் தெரியாது. யார்க்‌ஷரில் அதைச் சொல்லிவிட்டு அந்த மேசையில் உட்கார்ந்திருக்க முடியாது என்பதால், பாய்காட் ஆடிய காலத்திலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.